கூலி: ஒரு ஆணி

முனிச்சாலையில் மாடி வீடு.
அடுப்படி என்று சுகுணாபாய் காட்டிய இடத்தைக்
கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தேன்.
எழுபது இஞ்ச் நீளம், நாற்பத்தெட்டு அகலம்.
ஒரு சேலையை மூன்றாய் மடித்து விரித்தால்
தரை முடிந்துவிடும்.

"சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாதும்மா."
அட்வான்ஸை எண்ணிக்கொண்டே சொன்னார்.
எண்ணி முடித்தபின் இன்னொரு தடவை சொன்னார்.

எங்களிடம் இருந்தது ஒரு அடுப்பு, பதினோரு டப்பா,
விற்க மனசு வராத கல்யாணக் கிரைண்டர்.
அப்புறம் டிரம்.

டிரம்மும் ஒரு குடித்தனக்காரர்தான்,
வாடகை தராதவர்.
நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் தெருவில்
அவரைக் காலி பண்ணச் சொல்ல முடியாது.
தவசி லோடு இறக்கும் இடத்தில் கிடந்த
பெட்டி மூடியை அவர் தலையில் வைத்தேன்.
அதன்மேல் அரிசிச் சட்டி, புளிச் சாடி,
மிச்ச இடத்தில் வெங்காயம் நறுக்கலாம்.
தண்ணீர் வரும் விடியலில் எல்லாவற்றையும் இறக்கிப்
படுக்கையில் வைக்கணும்.
நாலாவது ராத்திரி தோறும்
எங்கள் மெத்தையில் புளி வாசம்.

ஜன்னல் கம்பியில்
கீழவாசலில் டஜனாய் வாங்கிய கொக்கிகள்.
கரண்டிகள் தொங்குகின்றன.
பஸ் திரும்பினால் ஒன்றோடொன்று பேசும்.
செருப்பு ஸ்டாண்டு ஒன்றைக் காய்கறிக்கு வைத்தேன்.
புதுசு, சத்தியமாய்ப் புதுசு.
ஆனாலும் சாப்பிட வந்தவர்கள்
கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மிச்சம் இருந்தது கதவின் முதுகு.

பேண்ட் கால் குறைக்க என்னிடம் கொடுப்பார்கள்.
வெட்டிய துண்டை இதுவரை யாரும் கேட்டதில்லை.
அடியை அடைத்துத் தைத்தால் அது ஒரு பை.
பழைய போர்வையில் பன்னிரண்டு பையை வரிசையாய் அடித்துக்
கதவின் மேல்விளிம்பில் மடக்கி மாட்டினேன்.
ஏட்டையா காக்கியில் பூண்டு.
டுட்டோரியல் வாத்தியார் டெரிகாட்டனில் வற்றல் மிளகாய்.
பெண் வீட்டில் உயரத்தைக் கூட்டிச் சொல்லியிருந்த
ஒரு மாப்பிள்ளையின் கோட்டுத்துணியில் ஏலக்காய்.
அவருடைய பைதான் இருப்பதில் ஆழம்.
தவசி குழம்பு வைக்கும்போது கத்துவான்:
"ஏய், சோம்பு எந்தக் கால்ல?"

சித்திரையில் சுகுணாபாய் மேலே வந்தார்.
காய்ச்சல் பார்ப்பதுபோல
உள்ளங்கையால் சுவரைத் தடவினார்.
ஒரு ஓட்டை இல்லை.
திரும்பும்போது கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
நின்றார்.
வாத்தியார் பைக்குள் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
"வாடகை ஏறப்போகுது" என்றான் தவசி.

மறுநாள் அவர் கையில் நாலு பேண்ட்.
"மஸ்கட் போனவனோடது. இடுப்பு பெருத்துட்டான்,
இனி போடமாட்டான். எனக்கும் ஒண்ணு தை.
கீழே அடுப்படி பெரிசுதான், ஆத்திரத்துக்கு
எதுவும் கைக்குக் கிடைக்கிறதில்லை.
கூலி எவ்வளவு?"

இருநூறு என்று நாக்குவரை வந்தது.
விழுங்கினேன்.
"ஒரு ஆணி அடிச்சுக்கிறேன்."

கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார்.
"எத்தனை இஞ்ச்?"
"ரெண்டு."
"ஒண்ணரை."
படிந்தது.

ஆணி வாங்கி மூன்று வாரம் ஆகிறது.
அடுப்புக்கு மேலே அடி, தோசைக்கல் மாட்டலாம் என்கிறான் தவசி.
ஜன்னலோரம் என்றால் முறத்துக்கு ஆகும்.
எனக்கென்னவோ ஒன்றையும் மாட்டாமல்
சும்மா ஒரு ஆணி இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட.
அடித்துவிட்டால் அடித்ததுதான், துணி வெட்டியதுபோல.
மார்க் சாக்கால் குறிக்கிறேன், துடைக்கிறேன்.
சுவரெல்லாம் நீலம்.
அதுவரைக்கும் ஆணி
மாப்பிள்ளையின் காலுக்குள், ஏலக்காயோடு கிடக்கிறது.
டீக்குக் கைவிட்டால் குத்துகிறது.

நாளைக்குத் தண்ணீர் வரும்.
புளிச் சாடியை இறக்கணும்.